உளநோய் மருத்துவத்தில் மறைத்தற்குரியனவும் பகிர்தற்குரியனவும்

காய்ச்சல் கண்டவர் அதனை அயலாருக்கு உரைக்க நாணுவதில்லை. கால் முறிந்து கிடப்பவரைக் காண வருவோரின் தொகை அவர்தம் சுற்றத்தின் பெருமைக்கே சான்றாகக் கொள்ளப்படும். ஆயின், உள்ளம் நோயுற்றவிடத்து வீட்டின் படலை சாத்தப்படுகின்றது, பேச்சுத் தாழ்கின்றது, வந்து வினவுவோர்க்கு வேறொரு நோயின் பெயர் கூறப்படுகின்றது. உடல்நோய் சுற்றத்தாரை ஒன்றுகூட்ட, உளநோய் அவர்களை விலக்கி வைக்கின்றது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி இம்முரண்பாட்டினை நன்கு காணத்தக்க ஓரிடமாகும். ஊரவர் வாயிலே தின்னவேலி என வழங்கும் இவ்வூரிற் பலாலி வீதியோரமாகச் சந்தையும் கடைகளும் உள. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921ஆம் ஆண்டில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளவிலே 1974ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகம் தோன்றிற்று. அதன் மருத்துவபீடம் 1978ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, இன்று அயலூராகிய கொக்குவிலில் ஆடியபாதம் வீதியில் நிலைபெற்றுள்ளது. மருத்துவ அறிவு இத்துணை அண்மையில் இருந்தும், உளநல மருத்துவரை நாடிச் செல்லும் ஒருவர் தமது நோய் தீருமோ என்பதினும், தம்மை யாவர் காண்பரோ என்பதற்கே முதற்கண் அஞ்சுகின்றார்.

இவ்வச்சத்தின் காரணத்தை ஆராயின், ஒன்றுக்கொன்று மாறான இரு குறைகள் புலனாகும். நோயாளியைப் பற்றி அறியவேண்டியவர் பல வேளைகளில் அறியாதிருக்கின்றனர். அறிய வேண்டாதவரோ அறிந்திருக்கின்றனர். ஒரு வைத்தியசாலையிற் கொடுக்கப்பட்ட மருந்து மற்றொரு வைத்தியசாலைக்குத் தெரிவதில்லை. ஆனால், அம்மருந்தை உண்பவர் இன்னார் என்பது கலியாணம் பேசவந்த தரகருக்குத் தெரிந்துவிடுகின்றது. உளநோயாளரின் செய்தியைக் காக்கும் சட்டங்கள் எல்லாம் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்க முயல்வன. அவற்றின் இயல்பையும், அவை யாழ்ப்பாணத்துச் சூழலுக்கு எவ்வாறு பொருந்தும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருத்துவத்தின் நான்கு உறுப்புகள்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே மருத்துவத்தை நான்கு கூறுடையதாக வகுத்தார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தை ஊட்டுபவர் என்பன அந்நான்குமாம். இறுதியிற் சொல்லப்பட்டவரே உழைச்செல்வான் எனப் பெயர் பெற்றவர். இன்றைய வழக்கில் தாதியரும், மருந்தாளரும், வீட்டில் உடனிருந்து பேணும் தாயும் மனைவியும் தமையனும் இவ்வுறுப்பினுள் அடங்குவர்.

இப்பகுப்பிலிருந்து இரு கருத்துகள் பெறப்படும். தீர்ப்பவருக்கும் ஊட்டுபவருக்கும் நோயைப் பற்றிய அறிவு வேண்டும். அஃதின்றேல் மருத்துவம் நடைபெறாது. எனவே, நோய்ச்செய்தியை ஒருவருக்கும் சொல்லாதிருத்தல் மறைகாத்தல் ஆகாது. இந்நான்கு உறுப்புகளுக்கும் புறம்பான ஒருவர், அவர் எத்துணை நெருங்கிய உறவினராயினும், மருத்துவத்தின் கூறாகார். ஆதலின், அவர்க்குச் சொல்லவேண்டிய கடப்பாடும் இல்லை. பிற்காலத்துச் சட்டங்கள் பல பக்கங்களில் விரித்துரைப்பதன் சாரம் ஏறத்தாழ இதுவேயாம்.

மேல்நாட்டிலும் இவ்வறம் பழமையானதே. கிரேக்க நாட்டு இப்போக்கிரதீசு என்பாரின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், மருத்துவம் செய்யுமிடத்துக் கண்டனவும் கேட்டனவும் ஆகியவற்றுள் வெளியிடத் தகாதவற்றை வெளியிடேன் என்னும் கருத்து இடம்பெற்றுள்ளது. உலக மருத்துவச் சங்கம் 1948ஆம் ஆண்டில் இயற்றிய செனீவா உறுதிமொழியும் இதனை ஏற்றது. 1968ஆம் ஆண்டுத் திருத்தமோ, நோயாளி இறந்த பின்னரும் அவரது இரகசியம் காக்கப்படல் வேண்டும் எனக் கூட்டி உரைத்தது.

உளநோய்ச் செய்தியின் தனியியல்பு

எல்லா நோய்க்கும் இவ்வறம் பொதுவாயின், உளநோய்க்கு மட்டும் தனிக் காப்பு எற்றுக்கு எனும் வினா எழலாம். அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதலாவது, நோய் அறியப்படும் முறை. என்பு முறிவைக் கதிர்ப்படம் காட்டும். நீரிழிவைக் குருதிச் சோதனை காட்டும். உள்ளத்தின் நோயையோ பெரும்பாலும் நோயாளியின் சொல்லே காட்டும். அச்சொல் வெளிப்பட வேண்டுமாயின், கேட்பவர்பால் நம்பிக்கை வேண்டும். நம்பிக்கை குலைந்தவிடத்து மருத்துவருக்குக் கருவியே இல்லாதொழிகின்றது.

இரண்டாவது, அச்சொல்லிற் பிறரும் அடங்கியிருத்தல். தன் துயரை எடுத்துரைக்கும் பெண் தன் கணவனைப் பற்றியும் மாமியைப் பற்றியும் கூறுவாள். மாணவன் தன் தந்தையின் குடிப்பழக்கத்தைக் கூறுவான். ஒருவரின் பதிவேடு வெளிப்படின் ஒரு குடும்பமே வெளிப்படும்.

மூன்றாவது, விளைவின் கடுமை. நோய் தீர்ந்த பின்னரும் பெயர் தீர்வதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒருமுறை வந்து நீங்கிய சோர்வுநோய், இன்று ஒருவரின் உத்தியோகத்தைத் தடுக்கும். அவருடைய தங்கையின் திருமணத்தையும் தடுக்கும். தங்கைக்கு நோயில்லை என்பது அவ்விடத்து எடுபடுவதில்லை.

இவற்றோடு யாழ்ப்பாணத்துக்கே உரிய நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போர்க்காலத்தில், காணாமற்போன மகனைப் பற்றியோ, தடுத்து வைக்கப்பட்ட நாட்களைப் பற்றியோ ஒருவர் மருத்துவரிடம் கூறிய சொல், எழுதி வைக்கப்பட்ட தாளொன்றின் வாயிலாகத் தவறான கைகளிற் சேருமாயின், உயிருக்கே ஊறு விளையலாம் என அஞ்சப்பட்டது. அக்காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவத் துறையை நடத்திய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்களின் உள்ளத்தில் ஏற்படுத்திய வடுக்களைப் பற்றி ஆராய்ந்து, 1998ஆம் ஆண்டில் ஸ்கார்ட் மைண்ட்ஸ் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். மருத்துவர் தொகை மிகக் குறைந்திருந்த அந்நாளில், ஆசிரியர் முதலான ஊர்நிலைப் பணியாளருக்கு உளநலப் பயிற்சி அளிக்கும் முறையும் அவர் முதலானோரால் வளர்க்கப்பட்டது. மருத்துவரிடத்து மட்டும் தங்கியிருந்த செய்தி அதனால் ஆசிரியரிடத்தும் ஊர்ப் பணியாளரிடத்தும் செல்லலாயிற்று. உதவி பரந்தது, உதவியோடு மறைகாக்கும் பொறுப்பும் பரந்தது.

இலங்கையின் சட்டநிலை

இலங்கையில் உளநோய் குறித்த அடிப்படைச் சட்டம் பிரித்தானியர் ஆட்சியில் 1873ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. 1956ஆம் ஆண்டிலே திருத்தப்பெற்று, உளநோய்கள் கட்டளைச் சட்டம் எனும் பெயரால் அது வழங்கலாயிற்று. எவரை, எவருடைய ஆணையால், எவ்வளவு காலம் வைத்தியசாலையில் வைத்திருக்கலாம் என்பதே அச்சட்டத்தின் முதன்மைப் பொருள். நோயாளியைக் காவலுக்குரியவராக நோக்கிய காலத்தின் சட்டமாதலின், அவர் கூறிய சொற்களைக் காத்தல் பற்றி அஃது அதிகம் கவலைப்படவில்லை. 2005ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தேசிய உளநலக் கொள்கை, பெரிய மருத்துவமனைகளில் ஒடுங்கியிருந்த சேவையை மாவட்டந்தோறும் ஊர்களை நோக்கிக் கொண்டுசெல்ல விழைந்தது. கொள்கை முன்சென்றபோது சட்டம் பின்தங்கி நின்றது.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் மற்றொரு வேறுபாட்டைக் காட்டுகின்றது. கட்சிக்காரர் தம் சட்டத்தரணிக்குக் கூறியவற்றை அவரது இசைவின்றி நீதிமன்றத்தில் வெளிப்படுத்துமாறு சட்டத்தரணியை வற்புறுத்தல் இயலாது. நோயாளி மருத்துவருக்குக் கூறியவற்றுக்கு அத்தகைய காப்பு அச்சட்டத்தில் அளிக்கப்படவில்லை. எனவே, மருத்துவர் ஊரவர் முன் வாய்திறத்தல் ஆகாது. நீதிமன்றம் கேட்குமிடத்து விடையிறுத்தே ஆகவேண்டும். இவ்வெல்லையை நோயாளி முன்னரே அறிந்திருத்தல் நன்று.

தற்கொலை முயற்சி பற்றிய சட்டமும் ஈண்டுக் கருதத்தக்கது. தண்டனைச் சட்டக் கோவையின் 302ஆம் பிரிவின்படி உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவர் குற்றவாளியாகக் கருதப்பட்டார். அப்பிரிவு 1998ஆம் ஆண்டிலே நீக்கப்பட்டது. நீக்கப்படுமுன் அத்தகைய முயற்சியை மருத்துவருக்கு உண்மையாகக் கூறுதல், குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு நிகராயிருந்தது. பலர் தவறுதலாக மருந்தை உண்டதாகக் கூறினர் என்றால் அதில் வியப்பில்லை. சட்டம் மாறிய பின்னரும் அச்சம் உடன் மாறிவிடவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது அலுவலகங்களின் கதவைத் திறந்தது. ஆயின், அதன் ஐந்தாம் பிரிவு, ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவர் எழுத்து மூலம் இசைந்தாலன்றி வழங்க மறுக்கலாம் என விதித்தது. நாட்டின் நிருவாகத்தை அறியும் உரிமை அயலவரின் நோயை அறியும் உரிமை ஆகாது என்பது இதனாற் பெறப்படும்.

இவற்றுள் மிக விரிந்தது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமாகும். அதன் ஏற்பாடுகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டன. உடல்நலம், உளநலம் பற்றிய செய்திகளை அது சிறப்புக் காப்புக்குரிய வகையிற் சேர்த்துள்ளது. செய்தியைச் சேகரிப்பவர் அதற்குரிய நோக்கத்தைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே சேகரித்தல் வேண்டும். வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திருத்தலாகாது. பிறர் கைப்படாது காத்தல் வேண்டும். தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும், பிழையிருப்பின் திருத்துவிக்கவும் உரியவர் கேட்கலாம். மறைகாக்கும் கடமையுடைய மருத்துவத் தொழிலினர் சிகிச்சையின் பொருட்டுச் செய்தியைக் கையாளுதற்கு அச்சட்டம் இடமளித்துள்ளது. ஆகவே, பகிர்தலைச் சட்டம் தடுக்கின்றது எனக் கூறி ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு வேண்டிய குறிப்பை மறுத்தல் சட்டத்தைப் பிழையாக விளங்கியதேயாகும்.

அயல்நாட்டு அனுபவம்

இந்தியாவில் 1998ஆம் ஆண்டிலே உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்சநீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. சென்னையில் குருதி வழங்கிய ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உளதென்பது தெரியவந்தது. வைத்தியசாலை வாயிலாக அச்செய்தி வெளிப்பட்டு, அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றது. ஊரை விட்டு நீங்கவும் நேர்ந்தது. அவர் இழப்பீடு கோரினார். மறைகாத்தல் மருத்துவரின் கடமையே எனினும், மணக்கவிருந்த பெண்ணின் உயிர்நலம் அதனினும் பெரிது என நீதிமன்றம் கொண்டது. உளநோய் பற்றிய வழக்கன்று இது; ஆயினும், மறைகாத்தலுக்கு எல்லையுண்டு என்பதைத் தமிழர் நன்குணரும் திருமணச் சூழலில் வைத்து விளக்கியமையால் ஈண்டுக் கூறப்பட்டது. இதனைக் கொண்டு எல்லா நோயையும் மணவீட்டாருக்கு அறிவிக்கலாம் என முடிவு செய்தல் தவறு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோய் வேறு. தொற்றாத சோர்வுநோய் வேறு.

பின்னர், 2017ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. அவ்வாண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவு மனநோயாளரின் செய்தி காக்கப்படும் உரிமையைக் கூறி, விலக்குகளையும் வகுத்துரைத்தது. நோயாளி நியமித்த பேராளருக்கும், சிகிச்சைக்கு வேண்டிய அளவிற் பிற மருத்துவருக்கும், பிறரைத் தீங்கிலிருந்து காக்கவேண்டிய இடத்தும், உயிருக்கு இடர் நேருமிடத்தும், நீதிமன்றம் முதலிய உரிய அமைப்புகள் ஆணையிடுமிடத்தும், பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டும் சொல்லலாம் என்பன அவை. நோயாளியின் படத்தையோ செய்தியையோ அவரது இசைவின்றி ஊடகங்களுக்கு வழங்கலாகாது என 24ஆம் பிரிவும், தமது பதிவேட்டைப் பார்க்கும் உரிமை நோயாளிக்கு உண்டென 25ஆம் பிரிவும் கூறும்.

பிறரைத் தீங்கிலிருந்து காத்தல் என்னும் விலக்குக்கு மூலமாகப் பேசப்படுவது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தாராசோவ் வழக்காகும். 1969ஆம் ஆண்டில், இந்தியாவிலிருந்து சென்று பேர்க்கிலியிற் பயின்ற மாணவர் ஒருவர், தம்மை ஏற்காத பெண்ணைக் கொல்லப்போவதாகத் தமக்கு உளச்சிகிச்சை அளித்தவரிடம் கூறினார். அவர் பல்கலைக்கழகக் காவலருக்கு அறிவித்தார். காவலர் மாணவரை விசாரித்து விட்டுவிட்டனர். அப்பெண்ணுக்கோ பெற்றோருக்கோ எவரும் எச்சரிக்கை செய்திலர். அவ்வாண்டு ஒற்றோபர் மாதத்தில் அவள் கொலையுண்டாள். பெற்றோர் தொடுத்த வழக்கில், இடருக்குள்ளானவரைக் காக்கத் தக்க முயற்சி செய்தல் சிகிச்சையாளரின் கடமை என 1976ஆம் ஆண்டிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மறைகாத்தல் அளவு மீறியவிடத்து நேரும் தீங்கிற்கும் அமெரிக்காவே சான்று. போதைப்பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோர் சிறைக்கு அஞ்சி வாராதிருத்தலைக் கண்டு, 1970, 1972ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவர்தம் பதிவுகளுக்கு மிகக் கடுமையான காப்பை அளித்தன. எழுத்து மூலமான இசைவின்றிப் பிற மருத்துவருக்கும் அவற்றைக் கொடுத்தல் பெரும்பாலும் இயலாதாயிற்று. காலப்போக்கில், நோயாளி போதைநீக்கச் சிகிச்சையில் இருப்பதை அறியாத மருத்துவர் அதற்கு முரணான வலிநீக்கி மருந்தை எழுதும் நிலை தோன்றிற்று. 2024ஆம் ஆண்டிலே விதி திருத்தப்பட்டது. சிகிச்சையின் பொருட்டு எதிர்காலப் பகிர்தல் அனைத்துக்கும் ஒருமுறை கொடுக்கும் இசைவு போதும் என்றாயிற்று. ஆனால், நோயாளியின் இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றி அவருக்கு எதிரான வழக்கிற் பதிவைப் பயன்படுத்தலாகாது என்னும் தடை நிலைநிறுத்தப்பட்டது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்து, 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள பொது விதியோ, மருத்துவர் தமக்குள் சிகிச்சைக்காகச் செய்தி பகிர இடங்கொடுத்து, உளச்சிகிச்சையாளர் வேறாக எழுதிவைக்கும் உரையாடற் குறிப்புகளுக்கு மட்டும் தனிக் காப்பளிக்கின்றது. மருந்தின் பெயர் பிறர் அறியவேண்டியது; நோயாளி அழுதுரைத்த கதை அவ்வாறன்று என்னும் வேறுபாடு இதிற் போற்றத்தக்கது.

பதிவுகள் தாளிலிருந்து கணினிக்கு மாறியபின் இடரின் அளவும் மாறியது. பின்லாந்து நாட்டில் வஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தின் கணினியிலிருந்து ஏறத்தாழ 33,000 நோயாளரின் குறிப்புகள் திருடப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஒற்றோபரில், பணம் தராவிடின் உங்கள் குறிப்புகளை வெளியிடுவோம் என நோயாளர் பலருக்கும் மிரட்டல் கடிதம் சென்றது. நிறுவனம் மறு ஆண்டே முறிந்தது. குற்றவாளி 2024ஆம் ஆண்டிலே தண்டிக்கப்பட்டான். ஒரு பேழையின் பூட்டை உடைப்பவன் சில கோவைகளையே எடுத்துச் செல்வான்; காவலற்ற கணினியைத் திறப்பவனோ ஒரு பட்டினத்தின் துயரையே எடுத்துச் செல்வான். இலங்கையின் அரச வைத்தியசாலைகளிலும் கணினிப் பதிவு பரவிவரும் இந்நாளில் இஃது அயல்நாட்டுச் செய்தி எனத் தள்ளத்தக்கதன்று.

பகிர்தலின் அளவு

மேற்கூறிய சட்டங்களை ஒருங்கு வைத்து நோக்கின், செய்தியைப் பகிருமுன் மூன்று வினாக்கள் கேட்கப்படல் வேண்டும் என்பது விளங்கும். எதன் பொருட்டு? எவ்வளவு? எவருடைய இசைவோடு? இவற்றைச் சில எடுத்துக்காட்டுகளாற் காணலாம்.

மிகு எழுச்சியும் மிகு சோர்வும் மாறிமாறி வரும் நோய்க்கு லிதியம் என்னும் மருந்து கொடுக்கப்படுவதுண்டு. குருதியில் அதன் அளவு சிறிது மிகினும் நஞ்சாகும். இம்மருந்தை உண்பவர் மூட்டுவலிக்கோ குருதியமுக்கத்துக்கோ வேறொரு மருத்துவரிடம் சென்று, நாணத்தால் லிதியத்தைப் பற்றிக் கூறாது விடுவாராயின், அவர் எழுதும் சில வலிநீக்கி மருந்துகளும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளும் குருதியில் லிதியத்தின் அளவை உயர்த்திவிடும். ஈண்டு மறைத்தல் உயிருக்கே தீங்காம். ஆயின், அம்மருத்துவருக்கு வேண்டியது மருந்தின் பெயரும் அளவுமேயன்றி, நோய் வந்த குடும்பக் கதையன்று.

இன்னொன்று திருமணம் பற்றியது. வல்புரோயேற்று என்னும் மருந்து உளநோய்க்கும் வலிப்புநோய்க்கும் பயன்படுவது. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு விளைப்பது. நோய் மறைத்து மணம் செய்விக்கப்பட்ட பெண், கணவன் வீட்டில் மாத்திரையை ஒளித்து உண்பாள். அல்லது திடீரென நிறுத்துவாள். நிறுத்தின் நோய் மீளும். உண்ணின், குடும்பநல உத்தியோகத்தர் வினவும்பொழுது மாமியார் அருகிலிருக்க உண்மையைக் கூற இயலாது. முன்னரே மருத்துவருடன் தனித்துப் பேசியிருந்தால் கருவுக்கு ஏற்ற வேறு மருந்துக்கு மாறியிருக்கலாம். தாய்க்கும் சேய்க்கும் இடர் தருவது மருந்தினும், அதைச் சொல்லுதற்கு ஓர் இடமின்மையேயாகும். ஆகவே, கருவுற்ற பெண்ணைத் தனியே இருத்தி ஒரு நிமிடமேனும் வினவுதல், மருத்துவ நிலையங்கள் செலவின்றிச் செய்யத்தக்க பேருதவியாம்.

கிளினிக் கொப்பியும் கருதத்தக்கது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் தொடர்ந்து சிகிச்சை பெறுவோர் தம் குறிப்புக் கொப்பியைத் தாமே வைத்திருப்பது நெடுநாள் வழக்கம். தமது பதிவு தம் கையிலேயே இருத்தல் ஒருவகையிற் பெரும் நன்மை. ஆயினும், அது பேருந்திலும் அலமாரியிலும் எவர் கண்ணிலும் படும். 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது போன்ற வேளையில், வீட்டோடு கொப்பியையும் விட்டு நீங்கியவர் தம் சிகிச்சையின் வரலாற்றையே விட்டு நீங்கியவராவர். தேவையானவருக்குக் கிடைக்காமையும் தேவையற்றவர் காண்டலும் என்னும் இரு குறையும் ஒரே கொப்பியில் அடங்கியுள்ளன. மருந்தின் பெயரையும் அளவையும் சிறு தாளொன்றில் எழுதிப் பணப்பையில் வைத்திருத்தல் இதற்கு எளிய பரிகாரமாகும்.

யாழ்ப்பாணத்துக் குடும்பமும் பள்ளியும்

மேல்நாட்டுச் சட்டங்கள் தனியொருவரை அடிப்படையாகக் கொள்வன. யாழ்ப்பாணத்தில் நோயாளி தனியே வருதல் அரிது. தாயும் தமையனும் சிறிய தந்தையும் உடன்வருவர். நோயாளி பேசுமுன் அவர்களே பேசுவர். இவ்வழக்கம் மறைகாத்தலுக்கு முரணானது என ஒதுக்குதல் அறியாமை. மருந்தை நேரத்தில் ஊட்டுபவரும், நோய் மீளும் குறியை முதலில் உணர்பவரும், உயிர் மாய்க்கும் எண்ணம் தோன்றியவிடத்து நஞ்சையும் கயிற்றையும் அப்புறப்படுத்துபவரும் இவ்வுறவினரே. செய்யத்தக்கது, நோயாளியுடன் முதலிற் சிறிது நேரம் தனித்துப் பேசுதல். வீட்டாருள் எவருக்கு எதனைச் சொல்லலாம் என அவரையே கேட்டல். பின்னர் அவரும் உடனிருக்க வீட்டாரை அழைத்துப் பேசுதல். பலர் தம் தாய்க்குச் சொல்ல இசைவர். சிறிய தந்தைக்குச் சொல்ல இசையார். அவ்வேறுபாட்டை மதித்தலே மறைகாத்தல்.

பள்ளியில் ஆசிரியர் நிலை மிக நுண்ணியது. மாணவி ஒருத்தி தன் துயரைக் கூறுமுன், இதை ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என வேண்டுவாள். அவ்வாறே செய்வேன் என ஆசிரியர் வாக்களித்தல் பிழை. அவள் உயிருக்கோ உடலுக்கோ இடர் உண்டெனின் சொல்லியே ஆகவேண்டும். அப்பொழுது வாக்குப் பொய்க்கும். அதன்பின் அவள் எவரையும் நம்பாள். உன் நலத்துக்கு வேண்டியவருக்கு மட்டும், உனக்குச் சொல்லிவிட்டே சொல்வேன் எனத் தொடக்கத்திலேயே உரைத்தல் நேர்மையாம். அவ்வாறு உரைத்தபின் அச்செய்தி ஆசிரியர் ஓய்வறையில் உரையாடற் பொருளாகக் கூடாது. அதிபருக்குத் தெரியவேண்டியது மாணவிக்குச் சில நாள் விடுமுறையும் பரிவும் வேண்டும் என்பதே. நோயின் பெயர் அவருக்குப் பெரும்பாலும் வேண்டியதன்று.

மருந்துக்கடை, காத்திருக்கும் கூடம் முதலிய சிறிய இடங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. பத்துப்பேர் நிற்குமிடத்தில் மாத்திரையின் பயனை உரத்து வினவுதல் எச்சட்டத்தாலும் முற்றாகத் தடுக்க இயலாத தீங்கு. குரலைத் தாழ்த்தலும், பெயருக்குப் பதிலாக இலக்கத்தை அழைத்தலும் செலவற்ற சீர்திருத்தங்களாம். நேரிற் செல்ல நாணுவோர்க்கு, அங்கொடையிலுள்ள தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் ஒரு முதற்படியாக அமையலாம்.

சட்டம் பதிவேட்டைக் காக்கும். ஊர்வாயைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. வைத்தியசாலை வாயிலில் ஒருவரைக் கண்டவர் அதனைத் தம் வீட்டுத் திண்ணையிற் கூறாது விடுதல் கற்றோரின் பண்பாட்டைச் சார்ந்தது. கல்லூரியிற் பயின்று வெளியேறியோர் பலர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் எழுதுவினைஞராகவும் அதிபராகவும் விளங்குகின்றனர். பிறர் செய்தி அவர்தம் மேசைக்கு நாள்தோறும் வருகின்றது. எதன் பொருட்டு, எவ்வளவு, எவர் இசைவோடு என்னும் மூன்று வினாக்களையும் அவர்கள் தம்முள் கேட்பராயின், சாத்தப்பட்ட படலைகள் பல தாமே திறக்கும். உள்ளம் நோயுற்றவர் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவர். தீர்க்கத்தக்க நோய் தீராது நின்று உயிர் கொள்ளும் அவலமும் குறையும்.